காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் முழுமையான நீர்த்தாவரம் அன்று. தேங்கிய நீரைத் தாங்கி வளரக்கூடிய பயிர். வயலில் நாம் எப்போதும் நீரைத் தேக்கிவைப்பது பெரும்பாலும் களைகளை அடக்குவதற்காகவே. எனினும், தண்ணீர் நிறைந்து நின்றால்தான் நெல் விளையும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன் நான். எங்கள் வயல் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால், வயல் நிரம்பும்வரை என் தந்தை வீடு திரும்பமாட்டார்.

ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குச் செல்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அதில் கணிசமான பகுதி பயிருக்குப் பயன்படாமல் மண்ணுக்குள் இறங்கியும் பக்கவாட்டில் கசிந்தும் போய்விடுகிறது.

இதற்கு மாற்றாக வேளாண் அறிவியலாளர்கள் பரிந்துரைப்பது 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை. 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அப்பகுதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் போதும். மேல்மண் காய்ந்திருந்தாலும் வேருக்கு ஈரம் கிட்டும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமலே பாசன நீரில் 30% வரை மிச்சமாகும். நீர் தேங்கிய மண்ணிலிருந்து வெளியேறும் மீத்தேனும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

அந்த 15 செ.மீ. எல்லைக்குக் காரணம் உண்டு. மண் மேலும் காய்ந்தால், பயிரில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீரிழப்பு குறைகிறது. ஆனால், கரியமில வாயு நுழையும் வழியும் அதுவே என்பதால் உணவு தயாரிப்பும் தடைபடுகிறது. வளர்ச்சிப் பருவத்தில் பயிர் இதிலிருந்து பெரும்பாலும் மீண்டுவிடும். பூக்கும் பருவத்தில் அப்படியல்ல. மகரந்தம் மலடாகி, மணி பதராகும். எனவே, பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை வயலில் நீர் நிற்க வேண்டும்.

விவசாயியின் அச்சம் இங்குதான் பிறக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62% குறைவாகப் பெய்தது. கதிர் வரும் வேளையில் எங்கள் சம்பா கருகியது. அந்த ஆண்டு நாங்கள் அறுத்தது வைக்கோலை மட்டுமே. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் வயலைத் துணிந்து காயவிடலாம். வேண்டும்போது நீர் பாய்ச்சிக்கொள்வார். வாய்க்காலை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கும்போது தேக்கிவைப்பது அவரது அறியாமை அன்று; தற்காப்பு. ஆகவே, அவருக்குச் சிக்கனத்தை அறிவுறுத்துவதற்கு முன்பாக, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் வரும் என்று அறிவித்து, அந்த முறையைத் தவறாமல் காப்பாற்ற வேண்டும். கதிர் பூக்கும் வாரங்களில் கடைமடைக்கும் தண்ணீர் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

அடுத்த முறை எந்த நாளில் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால், என் தந்தையும் மடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்.