குறியிலக்கு மேலாண்மை

குறியிலக்கு மேலாண்மை என்பது ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு துறையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அடைய வேண்டிய இலக்குகளை அளவிடத்தக்க வகையில் முன்கூட்டியே வரையறுத்து, அவற்றின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து கண்காணித்து, இறுதியில் மதிப்பிடும் மேலாண்மை முறை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எம்.பி.ஓ. எனவும் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. குறிக்கோள்வழி மேலாண்மை என்றும் சிலர் வழங்குவர். தமிழ்நாட்டு மேல்நிலை வணிகவியல் பாடநூலில் குறியிலக்கு மேலாண்மை என்ற சொல்லே ஆளப்படுகிறது.

"நன்றாக வேலை செய்யுங்கள்" என்பது இலக்கு அன்று. எது நன்று, எவ்வளவு நன்று, எப்பொழுதுக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தரும்போதே அது இலக்காகிறது. அதே வேளை, அளக்க எளிதானதை மட்டும் இலக்காக வைத்த நிறுவனங்கள் பெரும் தீங்கைச் சந்தித்ததும் உண்டு. இவ்விரு பக்கங்களையும் சேர்த்தே இம்முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு

இக்கருத்தைப் பரவலாக்கியவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் (1909 - 2005) ஆவார். 1954 இல் வெளிவந்த தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் என்னும் நூலில் இதனை அவர் விளக்கினார். இலக்குகளை மேலிருந்து திணிப்பதை அவர் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு மேலாளரும் தன் துறையின் இலக்குகளைத் தானே முன்மொழிந்து, மேலதிகாரியுடன் கலந்து முடிவு செய்து, பின்னர் தன் பணியைத் தானே அளந்து நெறிப்படுத்த வேண்டும் என்றார். தற்கட்டுப்பாடு என்ற இக்கூறு நடைமுறையில் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

இலாபம் ஒன்றை மட்டும் இலக்காகக் கொள்வதையும் டிரக்கர் ஏற்கவில்லை. சந்தை நிலை, புத்தாக்கம், உற்பத்தித்திறன், பௌதிக மற்றும் நிதி வளங்கள், இலாபம், மேலாளர்களின் செயற்பாடும் வளர்ச்சியும், தொழிலாளர்களின் செயற்பாடும் மனப்பாங்கும், சமூகப் பொறுப்பு ஆகிய எட்டுப் பரப்புகளிலும் இலக்குகள் வேண்டும் என்றார்.

1960களில் ஜார்ஜ் ஓடியோர்னி முதலானோர் இம்முறையை மேலும் பரப்பினர். 1973 இல் அதிபர் நிக்சனின் ஆட்சியில் அமெரிக்க நடுவண் அரசுத் துறைகளிலும் இது அறிமுகப்படுத்தப்பட்டது.

இன்டெல் நிறுவனத்தின் ஆன்டி குரோவ் 1970களில் இதன் ஒரு புதிய வடிவத்தை உருவாக்கினார். எங்கே போக வேண்டும் என்பதைக் குறிக்கோளும், அங்கே போய்க்கொண்டிருக்கிறோமா என்பதை முக்கிய விளைவுகளும் சொல்ல வேண்டும் என்பது அவரது முறை. 1980 இல் இன்டெல் தன் 8086 நுண்செயலிக் குடும்பத்தை ஓராண்டுக்குள் 2000 புதிய வடிவமைப்புகளில் இடம்பெறச் செய்வதை இலக்காக வைத்து, அதனைத் தாண்டியது. 1981 இல் வெளியான ஐ.பி.எம். தனிக்கணினி 8088 நுண்செயலியைக் கொண்டிருந்தது. இன்டெல்லில் பணியாற்றிய ஜான் டோர் 1999 இல் இம்முறையைக் கூகுள் நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றார்.

நல்ல இலக்கின் பண்புகள்

1981 இல் ஜார்ஜ் டோரன் எழுதிய கட்டுரை ஒன்றில் நல்ல இலக்குக்குரிய ஐந்து பண்புகள் கூறப்பட்டன. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ஸ்மார்ட் என்னும் சொல்லாகும்.

- குறிப்பானது: எதனை மேம்படுத்துகிறோம் என்பது தெளிவாக இருத்தல்.
- அளவிடத்தக்கது: முன்னேற்றத்தைக் காட்டும் ஓர் எண்ணோ அடையாளமோ இருத்தல்.
- பொறுப்பாளர் உடையது: யார் செய்வார் என்பது குறிக்கப்பட்டிருத்தல்.
- நடைமுறைக்கு ஒத்தது: உள்ள வளங்களைக் கொண்டு எட்டக்கூடியதாக இருத்தல்.
- காலவரை உடையது: எப்பொழுதுக்குள் என்பது குறிக்கப்பட்டிருத்தல்.

எல்லாவற்றையும் எண்ணாக்க முடியாது என்பதை டோரனே ஒப்புக்கொண்டார்.

இலக்கு ஏன் பயன் தருகிறது என்பதை உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர் ஆராய்ந்தனர். தெளிவான, கடினமான இலக்கு "முடிந்ததைச் செய்" என்ற பொதுவான ஏவலைவிட நல்ல விளைவைத் தரும் என்பது அவர்களின் முடிவு. 1975 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் மரக்கட்டை ஏற்றும் சரக்குந்து ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60% மட்டுமே ஏற்றி வந்தமை கண்டறியப்பட்டது. 94% என்ற இலக்கு வைக்கப்பட்ட பின் அது ஏறத்தாழ 90% ஆக உயர்ந்தது. இதற்காகக் கூடுதல் ஊதியம் எதுவும் அளிக்கப்படவில்லை.

செயல்முறை

1. நிறுவனத்தின் ஒட்டுமொத்த நோக்கங்களை வரையறுத்தல்.
2. அவற்றிலிருந்து துறை இலக்குகளை, துறையினருடன் கலந்து பெறுதல். ஒரு துறைக்கு மூன்று முதல் ஐந்து இலக்குகள் போதுமானவை.
3. ஒவ்வோர் இலக்குக்கும் சுட்டி, தொடக்க அளவு, இலக்கு அளவு, காலக்கெடு, பொறுப்பாளர் ஆகியவற்றைக் குறித்தல்.
4. மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் அளந்து, விலகல்களுக்குக் காரணம் தேடல்.
5. இறுதி மதிப்பீடும், அடுத்த காலத்துக்கான இலக்குகளைத் திருத்தலும்.

இவற்றுள் தொடக்க அளவு அடிக்கடி விடுபட்டுப் போகிறது. இன்றைய நிலை தெரியாமல் "20% குறைப்போம்" என்று எழுதினால், ஆண்டு முடிவில் குறைந்ததா இல்லையா என்பதை எவராலும் சொல்ல இயலாது.

சுட்டிகள் இருவகைப்படும். ஆண்டு வருவாய் போன்றவை நடந்து முடிந்ததைக் காட்டும் பின்காட்டிகள். கையிலுள்ள விலைக் கோரிக்கைகளின் எண்ணிக்கை போன்றவை வரப்போவதை உணர்த்தும் முன்காட்டிகள். பின்காட்டிகளை மட்டும் பார்க்கும் துறைக்குத் திருத்திக்கொள்ளக் காலம் கிடைப்பதில்லை.

எடுத்துக்காட்டு

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் உதவித் துறையை எடுத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.) ஒரு முறையீட்டைத் தீர்க்கச் சராசரியாக 48 மணி நேரம் ஆகிறது. அதனை ஆறு மாதத்துக்குள் 24 மணி நேரமாகக் குறைப்பது இலக்கு. மூன்றாம் மாத முடிவில் சராசரி 36 மணி நேரம் எனில் முன்னேற்றம் பின்வருமாறு கணக்கிடப்படும்:

(48 − 36) ÷ (48 − 24) = 12 ÷ 24 = 50%

காலத்தில் பாதி கழிந்து, இலக்கிலும் பாதி எட்டப்பட்டுள்ளது. இந்த ஒரு சுட்டியை மட்டும் பார்த்தால் துறை சரியான பாதையில் செல்கிறது எனலாம். ஆனால் தீர்க்கப்பட்டதாக மூடப்பட்டு, வாடிக்கையாளரால் மீண்டும் திறக்கப்பட்ட முறையீடுகள் இதே காலத்தில் 12% இலிருந்து 15% ஆக உயர்ந்திருந்தால் நிலைமை வேறு. சிக்கலைத் தீர்க்காமலேயே முறையீட்டை மூடும் பழக்கம் வளர்கிறதோ என்று ஐயுற இடமுண்டு. எனவே விரைவைக் காட்டும் சுட்டியோடு தரத்தைக் காட்டும் சுட்டி ஒன்றையும் இணைக்க வேண்டும். இத்தகைய இணைச்சுட்டிகளை ஆன்டி குரோவ் 1983 இல் வெளிவந்த தன் நூலில் வலியுறுத்தினார்.

இந்திய அரசுத் துறைகளில்

2009 இல் இந்திய நடுவண் அரசு தன் துறைகளுக்கு விளைவுச் சட்டக ஆவணம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு துறையும் ஆண்டுத் தொடக்கத்தில் தன் முக்கிய நோக்கங்களையும், அவற்றுக்கான வெற்றிச் சுட்டிகளையும் பட்டியலிட்டது. ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை அளிக்கப்பட்டது; எடைகளின் கூட்டுத்தொகை 100. இலக்கு அளவுகள் மிகச் சிறப்பு (100%) முதல் மோசம் (60%) வரை ஐந்து படிகளாக முன்கூட்டியே எழுதப்பட்டன. ஆண்டு முடிவில் துறைக்கு ஒரே கூட்டு மதிப்பெண் கிடைத்தது. பிற துறைகளிடமிருந்து தேவைப்படும் ஒத்துழைப்பையும் ஆவணத்தில் குறிக்க வேண்டும் என்பது இதன் குறிப்பிடத்தக்க கூறு. பின்னர் இம்முறை கைவிடப்பட்டது.

விமர்சனங்கள்

தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் எண் ஒதுக்கீடுகளையும் குறியிலக்கு மேலாண்மையையும் நீக்குமாறு கூறினார். விளைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பணியமைப்பே. அதனை மாற்றாமல் எண்ணை மட்டும் கோருவது பணியாளரிடம் அச்சத்தையே வளர்க்கும் என்பது அவரது வாதம்.

பொருளியலாளர் சார்லசு குட்ஹார்ட் 1975 இல் பணக்கொள்கை குறித்துக் கூறிய கருத்து இன்று குட்ஹார்ட் விதி எனப்படுகிறது. ஓர் அளவுகோல் இலக்காக மாறும்போது அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பது அதன் பரவலான வடிவம்.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி இதற்கு நன்கறியப்பட்ட சான்று. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு வங்கிச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு கிளைகளின் மீது சுமத்தப்பட்டது. அழுத்தம் தாங்காத பணியாளர்கள் வாடிக்கையாளரின் ஒப்புதலின்றிக் கணக்குகளைத் தொடங்கினர். 2016 இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5300 பணியாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். இத்தகைய கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கலாம் என 2017 இல் மதிப்பிடப்பட்டது. 2020 இல் வங்கி 300 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு நோயாளிகளை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு 2000 இல் அறிவிக்கப்பட்டது. நீண்ட காத்திருப்புகள் பெரிதும் குறைந்தன. இது உண்மையான நன்மை. எனினும், நான்காம் மணி முடிவதற்குச் சற்று முன்னர் மட்டும் வெளியேற்றங்களும் படுக்கைச் சேர்க்கைகளும் திடீரென உயர்வதை ஆய்வுகள் காட்டின. கடிகாரம் நோயாளியின் தேவையை முந்தியதற்கு இது அறிகுறி. 98% ஆக இருந்த இந்த இலக்கு 2010 இல் 95% ஆகத் தளர்த்தப்பட்டது.

வெற்றிக்கான நிபந்தனைகள்

1991 இல் ராபர்ட் ராட்ஜர்சு, ஜான் ஹண்டர் ஆகியோர் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 68 இல் உற்பத்தித்திறன் உயர்ந்திருந்தது. உயர்மட்டத் தலைமை முழு ஈடுபாடு காட்டிய இடங்களில் சராசரி உயர்வு 56%. ஈடுபாடு குறைந்த இடங்களில் 6% மட்டுமே. படிவங்களை நிரப்பச் சொல்லிவிட்டுத் தலைமை ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் இம்முறை வெறும் எழுத்துவேலையாகிறது.

இலக்குக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பு மற்றொரு நிபந்தனை. இலக்கை எட்டாவிட்டால் ஊதிய உயர்வு இல்லை என்றால், எவரும் எளிய இலக்குகளையே முன்மொழிவர். கூகுளில் 0 முதல் 1 வரையான அளவில் 0.6 முதல் 0.7 வரை பெறுவதே நல்ல விளைவாகக் கருதப்பட்டது. தொடர்ந்து 1 பெறும் குழுவின் இலக்குகள் போதிய அளவு உயர்ந்தவை அல்ல என்று கொள்ளப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- பீட்டர் டிரக்கர்
- விதிவிலக்கு மேலாண்மை
- சமநிலை மதிப்பெண் அட்டை
- குட்ஹார்ட் விதி
- முழுத்தர மேலாண்மை