திண்ணையில் ஒரு வெட்பாலை

பங்குனி பிறந்ததும் நமது பகுதிக் கரடுகளில் இலையுதிர்ந்து நின்ற மரங்களுள் ஒன்று, புதுத் தளிரோடு வெண்ணிறப் பூங்கொத்துக்களையும் தாங்கி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அதன் மணம் மாலை வேளையில் வண்டித்தடம் வரையிலும் வரும். கிளையைக் கிள்ளினால் பால் வடியும். மாரிக்காலம் கழிந்த பின்னர் இரண்டிரண்டாகத் தொங்கும் அதன் நீண்ட காய்கள், நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இணைபிரியாமல் காணப்படும். இதுவே வெட்பாலை. நம்மவர் சுருக்கமாகப் பாலை என்றே அழைப்பர். பழந்தமிழர் வகுத்த பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் இதுவே என்று கொள்வாரும் உளர்.

இம்மரத்தைத் தட்டு போன்றதொரு சிறு தொட்டியில் முழம் உயரத்திற்கு உருவாக்கி, திண்ணையில் வைத்துப் பூக்கச் செய்யலாம் என்பதைக் கூறவே இக்கட்டுரை. ஜப்பானியர் இக்கலையைப் போன்சாய் என்பர். தட்டில் நடப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஆயின் இதன் பிறப்பிடம் சீனம். அங்கு கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், செடியும் கல்லும் அமைந்த தட்டைப் பணியாள் ஏந்தி வரும் காட்சி இன்றும் உள்ளது.

ஆலும் அரசும் இத்தி மரமும் இருக்க வெட்பாலையை எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அங்கத்தினர்கள் வினவலாம். குறுமரம் வளர்ப்போர் பெரும்பாலும் ஆலையே நாடுகின்றனர். எளிதில் வளரும், பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் நெசவுத் தொழிலைச் சார்ந்த நமக்கு வெட்பாலையிடம் ஒரு பழங்கடன் உண்டு. அவுரியைப் போலவே இதன் இலையிலிருந்தும் நீலச் சாயம் எடுத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவர அறிஞர் ராக்ஸ்பர்க் இச்சாயத்தைப் பற்றி விரிவாக எழுதினார். சாயத்திற்குரியது என்ற பொருள்படும் சொல்லையே மரத்தின் அறிவியற் பெயரிலும் அமைத்தார். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் அவுரிக்கே இடமின்றிப் போயிற்று. பாலை நீலத்தை நினைப்பார் யார்?

இலையில் நிறம் உறைந்திருப்பதை இன்றும் வீட்டிலேயே கண்டறியலாம். வெட்பாலை இலையைக் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், சில தினங்களில் எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்குத் தரும் தைலம் இதுவேயாகும். கர்நாடகத்தில் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைவதும் இம்மரத்தின் வெண்மையான, மெல்லிழை கொண்ட கட்டையில்தான்.

குறுமரம் வளர்ப்பது மரத்தைப் பட்டினி போட்டு வதைப்பதாகும் என்று கருதுவோர் பலர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. பட்டினி கிடந்த மரம் சாகும், குறுகாது. காலமறிந்து வேரையும் கிளையையும் கத்தரித்து, ஒளியும் நீரும் உரமும் குறைவின்றி அளிப்பதனாலேயே மரம் சிறிய உருவில் நெடுநாள் வாழ்கிறது. உரம் பெறாத குறுமரம் பூக்கவே பூக்காது.

இத்தொழிலில் கூட்டுறவுக்கும் இடமுண்டு என்பதற்கு ஜப்பானில் நல்லதொரு சான்று இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தில் டோக்கியோ நகரம் அழிந்தது. அங்கிருந்த குறுமரத் தோட்டக்காரர்கள் தூய நீரும் பரந்த நிலமும் நாடிப் புறப்பட்டு, 1925-இல் ஓமியா என்னுமிடத்தில் ஒருங்கே குடியேறினர். ராஜாஜி அவர்கள் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஓமியாவில் குடியேறியோர் தமக்குத் தாமே சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டனர். ஒவ்வொரு குடும்பமும் பத்துக் குறுமரங்களேனும் வைத்திருத்தல் வேண்டும். வாயிற்கதவு எவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலியே இருத்தல் வேண்டும். அக்கிராமம் இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது.

இனி, யான் செய்த பிழையொன்றைக் கூறுகிறேன். முதன்முறை இவ்வாசை பிறந்தபோது விதையிட்டு வளர்க்கும் பொறுமை எனக்கு இல்லை. கரட்டுச் சரிவில் பாறையிடுக்கில் ஆடு கடித்துக் கடித்துக் குறுகிப்போன வெட்பாலையொன்று நின்றது. எத்தனை ஆண்டுகள் அங்கு நின்றதோ, அடிமரம் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. கடப்பாரையால் பெயர்த்தெடுத்தேன். ஆணிவேர் பாறைக்குள் இறங்கியிருந்தபடியால் பாதியில் அறுந்தது. வீட்டிற்குக் கொண்டுவந்து நட்டு, இருவேளையும் நீர் வார்த்தேன். இருபதே நாட்களில் காய்ந்துவிட்டது. ஆடும் வெயிலும் செய்யாத தீங்கை ஒரு காலைப் பொழுதில் நான் செய்துவிட்டேன்.

குறுமரத்திற்கு நகரங்களில் விலை கிடைக்கிறது என்று கேள்வியுற்று, மலைச்சரிவுகளில் முதிர்ந்த சிறு மரங்களைத் தோண்டுவோர் உள்ளனர். பத்தைத் தோண்டினால் பிழைப்பது ஒன்றோ இரண்டோதான். காப்புக்காட்டில் இவ்வாறு செய்வது 1882-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வனச் சட்டப்படி குற்றமுமாகும். ஆதலின் விதையே வழி.

விதை சேகரிக்கும் முன் மரம் வெட்பாலைதானா என்று பார்த்துக்கொள்ளல் அவசியம். குடசப்பாலை என்பது இதனோடு குழப்பத்திற்கு இடந்தரும் வேறு மரம். அதன் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டுவதில்லை. பூவின் நடுவில் வெண்குஞ்சம் போன்ற அமைப்பும் கிடையாது. வெட்பாலைக்கு இவ்விரண்டும் உண்டு. காய் முற்றி வெடிக்கும் தறுவாயில் பறித்துத் துணியில் முடிந்து வைக்க வேண்டும். இல்லாவிடில் பஞ்சு முனை கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும். பஞ்சை நீக்கி, மணல் கலந்த செம்மண்ணில் மேலாக விதைத்தால் போதும்.

நாற்று நான்கைந்து இலை விட்டதும் ஆணிவேரின் நுனியைக் கிள்ளி மாற்றி நட வேண்டும். பக்கவேர்கள் நாற்புறமும் பரவ இதுவே ஏது. பின்னர் தட்டில் வைக்க விரைதல் கூடாது. அடிமரம் பருக்க வேண்டுமாயின், தோட்டத்து மூலையிலோ பெரிய தொட்டியிலோ மூன்று நான்கு ஆண்டுகள் தடையின்றி ஓங்கி வளர விட வேண்டும். ஆளுயரம் வளர்ந்ததைப் பின்பு ஒரு சாண் விட்டு வெட்டுவது மனத்திற்குக் கடினமே. ஆயினும் வெட்டிய இடத்திற்குக் கீழ் துளிர்க்கும் கிளைகளே நம் மரம். இவ்வெட்டைத் தை, மாசியில் இலையற்ற காலத்தில் செய்தல் நலம். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கரித்தூள் தடவலாம். கண்ணில் படாமல் கவனமாக இருத்தல் வேண்டும்.

வெட்பாலையில் இலைகள் எதிரெதிராகத் தோன்றுமாதலால் கிளைகளும் எதிரெதிராகவே பிரியும். அப்படியே விட்டால் மரம் மீன்முள் போலத் தோன்றும். ஒவ்வோர் இணையிலும் ஒன்றை நீக்கி, இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என மாற்றி மாற்றி நிறுத்துக. வளைக்க வேண்டிய கிளையில் செம்பு அல்லது அலுமினியக் கம்பியைச் சுற்ற வேண்டும். இவ்விடத்தில் நெசவாளருக்கு மற்றவரைக் காட்டிலும் ஒரு வசதி உண்டு. பாவிழை அறாமலும் தொய்யாமலும் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அவர் விரல்கள் அறியும். இதன் பட்டை மெல்லியது. கம்பி புதைந்தால் தழும்பு பல ஆண்டுகளுக்கு மாறாது. வாரம் ஒருமுறை பார்த்து, பதியத் தொடங்குமுன் கம்பியை வெட்டியே எடுத்துவிட வேண்டும். திருகி எடுத்தால் கிளை முறியும்.

பூவைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். கத்தரிப்பினால் இலை சிறுக்கும்; பூவும் காயும் சிறுக்கமாட்டா. ஆகவே முழ உயரத்து மரத்திலும் கரட்டு மரத்தின் அதே அளவுப் பூவே மலரும். புதுத் தளிரின் நுனியிலேயே பூங்கொத்து வருமாதலால், மாசிக்குப் பின் நுனி கிள்ளுவோர் அவ்வாண்டுப் பூவைத் தம் கையாலேயே அழிப்பவராவர். பூத்து ஓய்ந்ததும் கத்தரிக்கலாம். மலேசியா, தாய்லாந்து நாடுகளில் வெட்பாலையின் நெருங்கிய உறவான மற்றொரு செடியைக் குறுமரமாகப் பெரிதும் வளர்க்கின்றனர். அவர்கள் இலை முழுவதையும் கையால் உருவிவிட்டுப் புதுத் தளிரோடு பூவை வரவழைப்பர். நம் மரத்திற்குக் கோடையின் தொடக்கமே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

ஒருமுறை காய் பிடித்தால் இரட்டைக் காய்கள் தட்டையும் கடந்து தொங்கும். பார்வைக்கு வேடிக்கைதான், எனினும் மரம் இளைக்கும். ஓரிணையை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுக.

தொட்டிக்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நான்கு விரற்கடை ஆழத்தில், அடியில் இரண்டு பெரிய துளைகளுடன் வனைந்து தரும்படி ஊர்க் குயவரிடமே கேட்கலாம். மெருகு வேண்டாம். செம்மண் இரு பங்கு, சலித்த செங்கல் பொடிக்கல் இரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதுமானது. நீர் வார்த்த உடனே அடியில் வடிய வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை தளிர்க்குமுன் தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை நீக்கிப் புதுமண் இடுக. நமது சித்திரை வெயிலில் ஆழமற்ற தொட்டி அடுப்புக்கல் போலச் சுடும். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் வேண்டும்; காலையும் மாலையும் நீர் வேண்டும். இரண்டு நாள் ஊருக்குச் செல்வதாயின் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டே செல்க.

இதை ஒரு வருவாயாகக் கருதலாமா எனக் கேட்போருக்கு ஒன்று கூறுவேன். எட்டாண்டுக்கு முன் விற்பனையை எண்ண வேண்டாம். அதுவரையில் தறியும் வயலுமே சோறு போடும். பத்துப் பேர் சேர்ந்து விதையிட்டு, ஆளுக்கு இருபது நாற்று வளர்த்து, பிழைத்ததைத் தம்முள் மாற்றிக்கொண்டால் ஒருவருடைய நட்டம் ஒருவரையே அழுத்தாது. மிகுந்த நாற்றுக்களைத் தோட்ட வேலியோரம் நட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு விதையும் தைலத்திற்கு இலையும் அங்கேயே கிடைக்கும்.

கடப்பாரையை மூலையில் வைத்துவிட்டு விதை ஊன்றிய மரம் இப்பொழுது என் திண்ணையில் ஒன்பதாவது கோடையைக் காண்கிறது. உயரம் ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவு. ஏழாமாண்டில் முதற்கொத்து வந்தது; சென்ற ஆண்டு மூன்று கொத்துக்கள். இவ்வாண்டு மாசியில் என் பேரன் விளையாட்டாக நுனியைக் கிள்ளிவிட்டபடியால், ஒரே கிளையில் மட்டுமே பூத்திருக்கிறது.