பேரழிவுச் சொற்களின் பொருள் விரிவும் சுருக்கமும்: டிசாஸ்டர், பேரிடர், சுனாமி, கடலரிப்பு

முன்னுரை

பேரழிவைக் குறிக்கும் சொல் பேச்சுவழக்கில் சிறு தோல்விக்கும் ஆகிவருவதுண்டு. ஆங்கிலத்தின் ‘டிசாஸ்டர்’ இதற்குத் தக்க சான்று. ‘தீய விண்மீன்’ என்னும் கருத்தில் பிறந்த இத்தாலியச் சொல்வழி வந்த இது, இன்று சுவைகெட்ட விருந்தையும் எதற்கும் உதவாத மனிதரையும்கூடக் குறிக்கிறது. தமிழ்த் திரைப்பட உரையாடல்களில் படுதோல்வியுற்ற படமும் ‘டிசாஸ்டர்’ எனப்படுகிறது.

பேரிடரும் சுனாமியும்

‘பேரிடர்’ அவ்வாறு நெகிழவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தோடு பரவலான இச்சொல் ஆட்சிமொழியின் எல்லைக்குள் நிற்கிறது. ‘படம் பேரிடர்’ என்று கூறுவாரில்லை.

‘சுனாமி’ வேறு வழியில் விரிந்தது. துறைமுகம், அலை என்னும் இரு சொற்களால் ஆன இந்த ஜப்பானியச் சொல், 2004 டிசம்பர் 26க்குப் பின் தமிழில் பொதுவழக்காயிற்று. ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல்லும் ‘ஆழிப்பேரலை’ என்னும் ஆக்கமும் எழுத்துவழக்கிலேயே பெரிதும் நிலைத்தன. உருவகமாகும்போது ‘சுனாமி’ தோல்வியை அன்றித் தடுக்கவியலாப் பெருக்கையே சுட்டுகிறது. எனவே தேர்தல் வெற்றிக்கும் அது பொருந்துகிறது. டிசாஸ்டர் விளைவை மதிப்பிடுகிறது. சுனாமி விசையை அளவிடுகிறது.

கடற்கரை வழக்கு

கடற்கரையில் இச்சொல் ஒரு நாளின் பெயராகவும் நிற்கிறது. ‘சுனாமிக்கு முன்’ என்பது காலக்குறிப்பு. ‘ஓட்டுவீடு’ என்பதில் முன்மொழி பொருளைச் சுட்ட, ‘சுனாமி வீடு’ என்பதில் அது காரணத்தைச் சுட்டுகிறது. அழித்ததன் பெயரே அழிவுக்குப்பின் கட்டப்பட்டதற்கும் ஆயிற்று.

பெயரில் சிறுத்த பேரழிவு

விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் மற்றோர் அழிவையும் அறியும். 1980களில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. மணல்வரவு குன்றியதால் வடபுறக் கரை தேய்ந்தது. வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் சுருங்கின. இதற்குரிய சொல் ‘கடலரிப்பு’. ‘அரிப்பு’ என்பதோ அன்றாட வழக்கில் தோல் தினவையும் குறிக்கும். ஒரே நாளில் நிகழ்ந்த அழிவுக்கு வாய்த்த சொல்வலிமை, பல்லாண்டுகளாய்த் தொடரும் அழிவுக்கு வாய்க்கவில்லை.

முடிவுரை

அகராதிகள் ‘சுனாமி’யின் இயற்கை நிகழ்வு, காலக்குறிப்பு, உருவகம் ஆகிய மூன்று பொருள்களையும் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும். சொல்லின் அளவைக் கொண்டு அழிவின் அளவைக் கணித்தலாகாது என்பதற்குக் ‘கடலரிப்பு’ சான்றாகிறது.