அழாத குழந்தை சமத்துக் குழந்தையா?

ஆண்டர்சன்பேட்டையில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்க குழந்தை சமத்து. அழவே அழாது. பாலுக்குக்கூட எழுப்பித்தான் ஆகணும்."

அப்பா இருட்டோடு எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். போகும்போதும் குழந்தை தூங்குகிறது, இரவு திரும்பும்போதும் தூங்குகிறது. அவருக்குச் சந்தேகம் வர வழி இல்லை.

பெரும்பாலும் அது வெறும் தூக்கம்தான். சில குழந்தைகளுக்கு மட்டும் அது நோயின் அறிகுறி. அந்த நோய், மூளையில் உள்ள ஜீன்களின் வேலையைக் கெடுப்பது.

ஜீன்கள் எல்லாம் எப்போதும் வேலை செய்வது இல்லை. சுரங்கத்தில் ஷிப்டு மாறுவது போல, சில ஓயும், சில எழும். 2011-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், கரு முதல் முதியவர் வரை 269 பேரின் மூளைகளை, அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கருவில் வேகம் கூடிய ஜீன்கள் பல, பிறந்த பிறகு அடங்குகின்றன. அடங்கிக் கிடந்தவை எழுகின்றன. அதுவரை நரம்பு செல்களைப் பெருக்கிய மூளை, இனி அவற்றை இணைக்க வேண்டும். நரம்பு இழைகளுக்கு உறை போட வேண்டும்.

இதற்கு உத்தரவு போடுபவற்றில் ஒன்று, கழுத்தில் ஊறும் தைராய்டு ஹார்மோன். அது மூளை செல்லுக்குள் புகுந்து, உறை போடும் ஜீன்கள் உள்படப் பலவற்றை முடுக்கி விடுகிறது. இந்தியாவில் சுமார் 1,100 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே இந்த ஹார்மோன் போதாது. வயிற்றில் இருக்கும் வரை தாயின் ஹார்மோன் ஓரளவு காப்பாற்றும். தொப்புள்கொடி அறுந்ததும் அந்த உதவி நின்றுபோகும்.

பிறந்தபோது குறை எதுவும் தெரியாது. பிறகு ஓயாத தூக்கம், மலச்சிக்கல், வாரக்கணக்கில் விடாத மஞ்சள் காமாலை வரலாம். கவனிக்காமல் மாதங்கள் ஓடினால் புத்தி வளர்ச்சி குன்றும். அதற்குப் பிறகு மருந்து கொடுத்தாலும் போனதை முழுதும் மீட்க முடியாது.

கண்டுபிடிக்க, மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். குழந்தை அழும். பாட்டிக்குக் கோபம் வரும். வரட்டும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் தானாக இதைச் செய்வது இல்லை. வீட்டுக்கு அனுப்பும் முன், "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று அப்பாதான் கேட்க வேண்டும்.

குறை உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். விலை குறைவு. டாக்டர் சொல்லும் அளவில் நுணுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து, தினம் ஒரு வேளை புகட்டலாம்.