துபாயில் எட்டு மணி நேரம்: வெளியே போகலாமா?

சென்னையிலிருந்து லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ துபாய் வழியாக டிக்கெட் எடுப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நடுவில் எட்டு மணி நேரம் சும்மாதானே இருக்கிறது, ஊரை ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாமா? 2024-ல் துபாய் விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 9 கோடியே 23 லட்சம் பேர். அவர்களில் ஏராளமானோர் வாசனைத் திரவியக் கடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறியவர்கள்.

போகலாம். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் எட்டு மணி நேரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. விமானம் தரை தொட்டு, வாயிலுக்கு வந்து, கூட்டத்தோடு இறங்கி, மூன்றாம் முனையத்தின் நீளத்தை நடந்து கடந்து, குடியேற்ற வரிசை முடித்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அடுத்த விமானம் கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பாவது திரும்பி வந்துவிட வேண்டும்; பாதுகாப்புச் சோதனையும் அதே நீள நடையும் மறுபடி உண்டு. ஊருக்குள் போய்வர ஒரு மணி. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது மூன்று மணி நேரம். ஆறு மணி நேர இடைவெளி என்றால் ஒரு மணிதான் மிஞ்சும். அதற்காக விசா எடுத்து அலைவது வீண். ஏழு மணிக்குக் குறைவாக இருந்தால் உள்ளேயே இருந்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

எந்த நேரத்தில் இறங்குகிறோம் என்பதும் முக்கியம். நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் புறப்படும் எட்டு மணி நேரத்தில் பார்க்க ஒன்றும் திறந்திருக்காது. பகல் பத்து மணியிலிருந்து இரவு பத்து மணிக்குள் வரும் நேரமே ஊருக்கான நேரம். அதிலும் பழைய கடைவீதிகளில் பல கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைத்தெருவே அடங்கிவிடும்.

விசா: இதை முடிக்காமல் எதுவும் இல்லை

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸைக் காட்டிவிட்டு வெளியே நடந்துவிட முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கும் இதே நிலைதான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இறங்கியதும் முத்திரை கிடைத்துவிடும்.

இந்தியர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கடவுச்சீட்டில் அமெரிக்க விசாவோ, கையில் கிரீன் கார்டோ இருந்தால், துபாயில் இறங்கிய பிறகு பணம் கட்டி 14 நாள் விசா வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ வசிப்பு அனுமதி உள்ளவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. பத்து வருட விசாவைக் கையில் வைத்துக்கொண்டே விமான நிலைய நாற்காலியில் தூங்குகிறார்கள். விசாவும் கடவுச்சீட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டாவது வழி இடைவழி விசா. 48 மணி நேரத்துக்கு ஒன்று, 96 மணி நேரத்துக்கு ஒன்று. இதை அங்கே போய் வாங்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் விமான நிறுவனங்கள் மூலம் புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சலுகை பெறும் நாடுகளின் பட்டியல் அடிக்கடி நீள்கிறது, விதிகளும் மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் அன்றே விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

நீண்ட இடைவெளிக்கு எமிரேட்ஸ் தருகிற இலவச ஹோட்டல், சாப்பாடு, வண்டி வசதியும் இப்படித்தான். அதைவிடக் குறைந்த இடைவெளியில் வேறு இணைப்பு விமானம் இல்லாதபோது மட்டுமே கிடைக்கும். அதையும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். பெட்டிகள் கடைசி ஊருக்கே நேராகப் போகிறதா என்பதைச் சென்னைக் கவுண்டரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்தவர் பெட்டியைத் துபாயில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். பட்ஜெட் விமானத்தில் இரண்டாம் முனையத்துக்கு வருபவர், அங்கே மெட்ரோ கிடையாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கோபுரத்தை விடுங்கள்

மூன்று மணி நேரம்தான் என்றால் பெரும்பாலோர் ஓடுவது புர்ஜ் கலீபாவுக்கு. 828 மீட்டர் உயரம், 2010 ஜனவரியில் திறந்தது, உலகிலேயே உயர்ந்த கட்டடம். ஆசை நியாயமானதுதான். ஆனால் மெட்ரோவில் அரை மணி நேரம் போய் இறங்கினால், நிலையத்திலிருந்து துபாய் மாலுக்கு முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குளிரூட்டிய நடைபாலம் இருக்கிறது. அதைக் கடந்து மாலுக்குள் வழி கண்டுபிடித்து, 124-ஆம் தளத்துக்கான வரிசையில் நின்று ஏறி இறங்கினால் நேரம் தீர்ந்துவிடும். மாலில் பார்க்கிற கடைகளில் பாதியை விமான நிலையத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

அதைவிடப் பக்கத்தில், அதைவிடச் சுவாரசியமாக இருப்பது துபாய் க்ரீக். கடல் ஊருக்குள் நுழைந்து வளைந்து கிடக்கும் உப்பங்கழி. ஒரு கரையில் தேரா, மறு கரையில் பர் துபாய். விமான நிலையமே தேராவின் ஓரத்தில்தான் இருக்கிறது. இங்கே எண்ணெய் கண்டுபிடித்தது 1966-ல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மணல் தூர்ந்து கப்பல் வர முடியாமல் போன இந்தக் கழியைக் குவைத்திடம் கடன் வாங்கி ஆழப்படுத்தினார் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ரஷீத். அதற்கும் முன்னால் முத்துக்குளிப்பு ஊரைக் காப்பாற்றியது. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழில் சரிந்தது. இன்றைய ஆடம்பரத்துக்கு அடியில் ஒரு துறைமுக வியாபாரியின் மூளை இருக்கிறது. அது தெரிவது கண்ணாடிக் கோபுரத்தில் அல்ல, இந்தக் கரையில்.

போகும் வழி எளிது. மூன்றாம் முனையத்திலேயே மெட்ரோவின் சிவப்பு வழித்தட நிலையம் இருக்கிறது. நோல் என்ற பயண அட்டை வாங்கி, யூனியன் நிலையத்தில் இறங்கி, பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்ததற்கு அடுத்த நிலையம் கோல்ட் சூக். 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கிய ஓட்டுநர் இல்லாத ரயில் இது. முதல் பெட்டியின் முன் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் விரிவதைப் பார்க்கப் பெரியவர்களும் முண்டியடிப்பார்கள். உள்ளே சாப்பிடுவதும் குடிப்பதும் சூயிங்கம் மெல்லுவதும் குற்றம். 100 திர்ஹாம் அபராதம். ஒரு திர்ஹாம் என்பது இருபது சொச்சம் ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ரயில் காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். குழந்தைகளோடோ வயதானவர்களோடோ போகிறவர் டாக்சி எடுப்பதே மேல். விமான நிலைய டாக்சியில் மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்கும். பேரம் பேசத் தேவையில்லை, மீட்டர்தான் கணக்கு.

கோல்ட் சூக் என்பது மரக்கூரை போட்ட ஒரு நடைத்தெரு. இரண்டு பக்கமும் கண்ணைக் கூசவைக்கும் தங்கம். ஒரு கடையில் சுமார் 64 கிலோ எடையுள்ள 'நஜ்மத் தைபா' என்ற 21 காரட் மோதிரத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அதைவிட இந்தத் தெருவின் கதை பிடிக்கும். இந்தியாவில் தங்க இறக்குமதிக்குத் தடை இருந்த காலத்தில், லண்டனிலும் சூரிச்சிலும் வாங்கிய பத்துத் தோலா கட்டிகள் இங்கே சட்டப்படி வந்து இறங்கின. இங்கிருந்து பாய்மரப் படகுகளில் நம் கடற்கரையை நோக்கி, சட்டத்துக்குப் புறம்பாகக் கிளம்பின. எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் வில்லன் பெட்டியைத் திறந்ததும் மின்னுமே, அந்தத் தங்க பிஸ்கட்டின் ஊர் இதுதான். அதற்கு முன்பு வளைகுடாவில் புழங்கியது இந்திய ரூபாய். கடத்தலால் அந்நியச் செலாவணி கரைகிறது என்று 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் துபாய் அதைக் கைவிட்டது.

வாங்க வேண்டுமா? அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பேரம் செய்கூலியில் மட்டும். 5 சதவீத வாட் வரியை, குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்கினால், சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்கும் ஒரு வரிசை உண்டு, அது உங்கள் மூன்று மணி நேரத்திலிருந்துதான் போகும். இந்தியா திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான். அரை நாள் துபாயில் நின்றுவிட்டு வாங்கிப் போட்டு வரும் சங்கிலிக்குச் சென்னைச் சுங்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

பக்கத்துத் தெருக்கள் மசாலாக் கடைகள். குங்குமப்பூ, ஓமானிலிருந்து வரும் சாம்பிராணி, கறுத்துக் காய்ந்த எலுமிச்சை எல்லாம் சாக்கு சாக்காக இருக்கும். முதலில் சொல்லும் விலையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அங்கிருந்து தண்ணீர்க் கரைக்கு ஐந்து நிமிட நடை. அப்ரா என்ற மரப்படகில் ஏறி அக்கரைக்குப் போக ஒரு திர்ஹாம். இறங்கும்போது கொடுக்கத் தேவையில்லை, நடு வழியில் படகோட்டியே கை நீட்டுவார். நடுவில் ஒரு பலகை, அதில் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் சுற்றுலாப் பயணிகளும் ஒன்றாக இடித்துக்கொண்டு போவார்கள். கைப்பிடிக் கம்பி கிடையாது. சில நிமிடப் பயணம். உலகின் மிக விலையுயர்ந்த ஹோட்டல்கள் சிலவற்றை வைத்திருக்கும் ஊரில், எனக்குத் தெரிந்து இதைவிடக் கொடுத்த காசுக்கு மேல் திருப்பித் தரும் பயணம் இல்லை.

அக்கரையில் துணிக்கடைகள். அதைத் தாண்டி நடந்தால் அல் பாஹிதி. ஈரானின் பஸ்தக் நகரிலிருந்து வந்த வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய குடியிருப்பு; அதனால் பஸ்தகியா என்றும் பெயர். சந்துகளை வேண்டுமென்றே குறுகலாக வைத்திருக்கிறார்கள், நாள் முழுக்க நிழல் விழும். வீட்டு மாடிகளில் நிற்கும் சதுரக் கோபுரங்கள் அலங்காரத்துக்கு அல்ல. நான்கு பக்கமும் திறந்த அவை, எந்தத் திசையில் காற்று வந்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் தள்ளும். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். மின்சாரம் வராத காலத்து ஏசி. 1980களில் இந்த வீடுகளில் ஒரு பகுதி இடிந்துகொண்டும் இடிக்கப்பட்டுக்கொண்டும் இருந்தபோது காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் அப்போதைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸும் ஒருவர். இங்கே ஒரு காபி அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணி நேரம் சுகமாகப் போகும்.

பசித்தால் கராமா. பர்ஜுமான் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பகுதி. இட்லி, பரோட்டா, பிரியாணி எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பர்ஜுமானிலிருந்து சிவப்பு வழித்தடம் மாறாமல் நேராக விமான நிலையம்.

நேரம் இன்னும் இருந்தால்

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் புர்ஜ் கலீபாவையும் சேர்த்துக்கொள்ளலாம், மாலை வெளிச்சத்துக்கு டிக்கெட் முன்பதிவு செய்துகொண்டு. பாலைவன சஃபாரி தனிக் கணக்கு. பிற்பகல் மூன்று மணிவாக்கில் வண்டி வந்து கூட்டிப்போய், மணல் மேடுகளில் குலுக்கி, சூரியன் மறைந்தபின் சாப்பாடு போட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இரவு விமானம் உள்ளவர்கள், வயிறு தாங்குமானால், யோசிக்கலாம். மற்றபடி பாம் தீவு, மியூசியம் ஆஃப் த ஃபியூச்சர் இதெல்லாம் ஊரில் தங்குகிறவர்களுக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை வேறு. வெயில் 40 டிகிரியைத் தாண்டும், க்ரீக் பக்கம் புழுக்கமும் சேரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் நடந்து ஊர் பார்ப்பது வீரம் அல்ல. மாலை ஆறு மணிக்குமேல் வெளியே போகும்படி விமானம் அமைந்தால் போங்கள், இல்லையென்றால் குளிரில் கிடக்கும் மாலே சரி.

கடைசியாகப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டோடு இருந்தாலும். கசகசாவுக்கு முழுத் தடை. அது அவர்கள் சட்டத்தில் போதைப்பொருள் பட்டியலில் வரும் பொருள், பெட்டியில் கண்டெடுத்ததற்குச் சிறை சென்ற பயணிகள் உண்டு. மகள் வீட்டுக்கு லண்டனில் குருமா வைத்துக்கொடுக்கப் போகும் அம்மா, கசகசாவை அங்கே கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.