கண்ணாலே ஓர் அழைப்பு

ஒரு நடனக்கூடம். எதிர் மேசையில் இருப்பவரோடு ஆட உங்களுக்கு ஆசை. ஆனா வாயைத் திறந்து கேட்கக்கூடாது. என்ன செய்வீங்க?

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸுக்குச் சுற்றுலா போறவங்க திகைச்சு நிக்கிற இடம் இதுதான். டாங்கோ ஆடுற கூடங்களை அங்கே மிலோங்கான்னு சொல்றாங்க. பழைய மரபு மாறாத மிலோங்காக்கள்ல அழைப்பெல்லாம் கண்ணாலேதான். தூரத்திலிருந்தே நேராப் பார்க்கணும். அவரும் பார்த்தா, லேசா ஒரு தலையசைப்பு. எதிர்ப்பக்கமும் தலை அசைஞ்சா, எழுந்து போய் ஆடலாம். விருப்பமில்லையா? பார்வையை வேற பக்கம் திருப்பிக்கிட்டாப் போதும். கேட்டவருக்கு அவமானமில்ல, மறுத்தவருக்குச் சங்கடமில்ல. பக்கத்து மேசைக்காரருக்குக்கூட விஷயம் தெரியாது! என்னைக் கேட்டா, இதுதான் நாகரிகம்.

ஆனா ஒண்ணு, அவசரப்பட்டு ராத்திரி எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துடாதீங்க. அந்த ஊர்ல ராத்திரிச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேலதான். நள்ளிரவு நெருங்கும்போதுதான் பல கூடங்கள் களைகட்டும். அதனால, சாயங்காலமே ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டுக் கிளம்புங்க!