ஓய்வுக்குப் பின் தூரிகை: நிலக்காட்சி ஓவியமும் உடல்நலமும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை உருவான 1970களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தோர் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஷிப்டு நேரத்தை ஒட்டியே உண்டு உறங்கிய உடலுக்கு, வேலையற்ற பகற்பொழுது எளிதில் பழகிவிடுவதில்லை. உறக்கம் குலைதலும் எதிலும் நாட்டமின்மையும் தலைகாட்டுவதுண்டு. இளமையில் கைவிட்ட ஓவியத்தை மீண்டும் தொடங்கலாமா, கண்ணும் கையும் ஒத்துழைக்குமா என்று தயங்குவோருக்காகவே இக்கட்டுரை.

இடைவெளி தடையன்று என்பதற்கு அண்டை நகரமான பெங்களூரிலேயே சான்று உண்டு. 1910இல் பிறந்த ருமாலே சென்னபசவையா இளமையில் ஓவியம் பயின்றவர். விடுதலைப் போராட்டத்திலும், பின்னர் இதழியலிலும் அரசியலிலும் ஈடுபட்டதால் நெடுங்காலம் தூரிகையை விட்டு விலகியிருந்தார். 1960களில், ஐம்பது வயதைக் கடந்தபின், அரசியலிலிருந்து விலகி ஓவியத்திற்குத் திரும்பினார். 1988இல் மறையும்வரை பெங்களூரின் பூமரங்களையும் சாலைகளையும் தீட்டினார். அவர் பெயர் இன்று நிலைத்திருப்பது அந்தப் பிற்கால ஓவியங்களால்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையொன்று, கலையும் நலமும் குறித்த 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. நோய்த்தடுப்பிலும் நோயைச் சமாளிப்பதிலும் கலை துணைநிற்கும் என்பது அதன் முடிவு. துணை என்பதே சரியான சொல். மருந்துக்கு அது மாற்றாகாது.

கண் சொல்லும் செய்தி

தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே. கண்புரை வளரும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறி, அந்நீலத்தையே முதலில் மங்கச் செய்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. நிறங்களைப் பிரித்தறிய இயலாமல், வண்ணக் குழாய்களின் மேலிருந்த பெயரைப் பார்த்து அவர் தீட்ட வேண்டியதாயிற்று. 1923இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டு, மீண்டும் ஓவியப் பணியைத் தொடர்ந்தார்.

ஆகவே, நீங்கள் தீட்டும் மலைகள் வரவரப் பழுப்பேறுவதாகப் பிறர் கூறினால், கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நேரான மின்கம்பம் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்குத் தாமதம் கூடாது. நீரிழிவு உள்ளோர் பார்வை தெளிவாக இருப்பினும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி வாங்கும்போது, ஓவியப் பலகை கை நீளத் தொலைவில் இருக்கும் என்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். படிப்பதற்கான கண்ணாடி அத்தொலைவுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கை நடுங்கினால்

தூரிகையைப் பிடிக்கும்போது நடுங்கும் கையும், மடியில் சும்மா கிடக்கும்போதே நடுங்கும் கையும் வெவ்வேறு காரணங்களால் நடுங்கக்கூடும். எவ்வகை என்பதைக் கவனித்து மருத்துவரிடம் கூறினால் நோயறிதல் எளிதாகும். தைராய்டு மிகுதியும், ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும் நடுக்கத்தைக் கூட்டலாம். எனினும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. முழங்கையை மேசையில் ஊன்றுவதும், தூரிகையின் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்குவதும் உதவும். நுண்கோடுகளைவிட அகலமான தூரிகையால் வானத்தையும் பாறையையும் தீட்டுவது எளிது. கிருஷ்ணகிரியின் பாறைக்குன்றுகள் அதற்கு ஏற்றவை.

வெளியில் செல்லும்போது

இராமநாயக்கன் ஏரிக்கரைக்கோ சந்திரசூடேஸ்வரர் மலைக்கோ காலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். தொப்பியும் குடிநீரும் உடனிருக்கட்டும். இன்சுலின் போடுவோர் கையில் சர்க்கரை வைத்திருத்தல் நலம். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தோர் மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். கெலவரப்பள்ளி அணைப்பகுதியில் தென்பெண்ணை கழிவுநீரால் நுரைத்து ஓடுவதுண்டு. தூரிகை கழுவவும் வீட்டு நீரையே கொண்டு செல்லுங்கள்.

மூச்சுத்திணறல் உள்ளோர் டர்பன்டைன் தேவைப்படும் எண்ணெய் வண்ணத்தைத் தவிர்த்து, நீர்வண்ணத்தைக் கொள்ளலாம். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழைய வழக்கம் வேண்டா. சில வண்ணங்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உள்ளன.

குடும்பத்தாருக்கு

பக்கவாதத்தாலோ மூட்டுவலியாலோ வெளியே செல்ல இயலாதவருக்குச் சன்னல் வழியே தெரியும் மாமரமும் நிலக்காட்சியே. "அதைப் போலவே இருக்கிறதா?" என்று ஒப்பிடாமல், எதைப் பார்த்துத் தீட்டினார் என்று கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வும் துயரமும் நீங்காவிடில் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். திடீரென ஒரு கை தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மறைந்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு சிறு தாளும் மூன்று வண்ணங்களும் போதும். நாள்தோறும் அரைமணி நேரம், ஒரே குன்றை, வெவ்வேறு வெளிச்சத்தில் தீட்டிப் பாருங்கள்.